எஞ்சினுக்கு மேலே நாலு டம்ளர்

உப்புப் போடாமல் பிசைந்த கோதுமை மாவு ஓர் உருண்டை வேண்டும் என்று கேட்டுத்தான் அக்கா எனக்கு அறிமுகமானார்.

ராஜபாளையத்தில் அந்த வீட்டுக்கு நாங்கள் அப்போதுதான் குடிவந்திருந்தோம். மகள் தவழ்கிற வயது. அவளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் நெஞ்சளவுச் சுவர். அதற்கு மேலே ஒரு கை நீண்டது. மணிக்கட்டில் தங்க வளையல், வளையலுக்கு மேலே முழங்கை வரை கறுப்புக் கிரீஸ்.

"சப்பாத்திக்கு மாவு தீந்துபோச்சாக்கா?" என்று கேட்டேன்.

"சப்பாத்திக்கு இல்ல. நீ பிசைஞ்சு தா, பொறவு சொல்றேன்."

பிசைந்து கொடுத்தேன். கொடுத்த பிறகு சந்தேகம் வந்தது. கைப்பழக்கத்தில் உப்புப் போட்டுவிட்டேனோ? இல்லையோ? சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதே கை அதே உருண்டையோடு திரும்ப வந்தது.

"நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பு இருக்கு. சிரமம் பாக்காம இன்னொரு உருண்டை தாரியா?"

இரண்டாவது உருண்டையை நானே எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மேசை மேல் ஓர் எஞ்சின் தலையைத் திறந்துகொண்டு கிடந்தது. அக்கா புடவையை இழுத்துச் சொருகியிருந்தார். மாவைத் தட்டி, எண்ணெய் தடவி, பிஸ்டனின் தலையில் ஒட்டினார். மூடியை மாட்டினார். கையாலேயே எஞ்சினை மெதுவாக, மிக மெதுவாக, ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். திரும்பக் கழற்றி, மாவைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மெலிந்திருந்த இடத்தின் கனத்தை அளந்தார்.

"வால்வு எறங்குறப்ப பிஸ்டன் ஏறி வந்து முட்டுமா முட்டாதான்னு மாவு சொல்லிரும். உப்பு இருந்தா இரும்பைத் தின்னுரும். அதான் கேட்டேன்."

"முட்டுமாக்கா?"

"முட்டாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். இருந்தாலும் பாத்துருவோம்."

இந்த 'இருந்தாலும் பாத்துருவோம்' அக்காவின் வாயில் காலை காப்பியிலிருந்து ராத்திரி கதவு சாத்துவது வரை ஓடிக்கொண்டிருக்கும்.

தெருவில் அவரை ஜெர்மன் அக்கா என்பார்கள். கொட்டகையில் நின்ற வண்டிதான் காரணம். ஒரு மில்லுக்கு நூற்பு மெஷின் பொருத்த வந்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர், திரும்பிப் போகும்போது விட்டுப்போன இரண்டு கதவுக் கார். பல வருஷம் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்த அதை, மில்காரர்களுக்குத் தூரத்துச் சொந்தமான அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாராம். அவர் அப்பா ஜின்னிங் ஃபாக்டரி வைத்திருந்தவர். மற்றப் பெண்கள் சைக்கிள் பழகுகிற வயதில் அக்கா பஞ்சு லாரி ஓட்டியிருக்கிறார். கணவர் பஞ்சுத் தரகர். மெலிந்த, மெல்லப் பேசுகிற மனிதர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. மாட்டு வண்டியில் போனால்கூடக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். கோயம்புத்தூரில் இருந்து ஒருவர், மதுரையில் இருந்து ஒரு டாக்டர். எல்லாருக்கும் அதே பைத்தியம். எந்த எஸ்டேட்டில் ஒரு ஜெர்மன் வண்டி துருப்பிடித்து நிற்கிறது, எந்த ஊர்ப் பழைய இரும்புக் கடைக்கு அதன் கியர் பெட்டி வந்திருக்கிறது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஒருமுறை அந்த டாக்டர் பின்விளக்குக் கண்ணாடி ஒன்றைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். அண்ணாச்சி காப்பி டம்ளர்களோடு நின்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பொண்ணு பாக்க வாரவங்ககூட இம்புட்டு மரியாதையா வர மாட்டாங்கம்மா."

எனக்கு அவர்களுடைய பேச்சு புரியாது. அக்காவைப் பார்ப்பது மட்டும் பிடிக்கும். ஒரு நட்டை முடுக்குவார். அதன் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். எல்லாம் முடிந்த பிறகு ஸ்பேனரோடு முதல் நட்டுக்கே திரும்ப வருவார். யாராவது அவசரப்படுத்தினால் "ஆகு" என்பார். நில் என்பதற்கு அவர்கள் வீட்டுத் தெலுங்கு. மனிதர்களிடமும் சொல்வார், எஞ்சினிடமும் சொல்வார், கொட்டகை வாசலில் குரைக்கிற வெள்ளை நாயிடமும் சொல்வார். மூவரும் நிற்பார்கள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதையும் ஒரு தடவை செய்து நிம்மதியாக இருக்க எனக்குத் தெரியாது. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, பிள்ளைக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுத்தேனா என்று எல்லாமே இரண்டாவது முறையும் என்னிடம் வந்து நிற்கும். "பி.எஸ்.ஸி. படிச்ச பொண்ணுன்னாங்க. பூட்டைப் பாத்து ரெண்டு தடவ கும்பிடுது," என்று என் மாமியார் செட்டியார்பட்டிச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். என் கணவர் சிரிக்க மாட்டார். பெருமூச்சு விடுவார். அது இன்னும் கஷ்டம்.

மாமியார் ஊரில் இல்லாத ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போகப் பிள்ளையோடு பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பூட்டு வந்து கண்ணில் நின்றது. இறங்கிவிட்டேன். வழியில் ஸ்கூட்டரில் வந்த அக்கா என்னைப் பார்த்து நிறுத்தினார். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். "ஏறு," என்றார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு ஸ்கூட்டரை அணைக்காமல் காத்திருந்தார். பூட்டு சரியாகத்தான் இருந்தது.

"பூட்டித்தான் இருக்குக்கா," என்றேன், தப்புச் செய்தவளைப் போல.

"நல்லதாப் போச்சு. ஏறு, பஸ்ஸைப் பிடிப்போம்."

அவ்வளவுதான்.

மாவு வைத்துப் பார்த்த அந்த எஞ்சின் பிழைக்கவில்லை. பிஸ்டன் முட்டவில்லை. ஆனால் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. அக்காதான் கண்டுபிடித்தார். அதோடு ஓட்டினால் நடுவழியில் வெடிக்கும் என்றார். வண்டி எஞ்சின் இல்லாமல், பல் விழுந்த வாய் போல நின்றது. சென்னைக்குப் பக்கத்தில் பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் கார் பந்தயம் நடக்கும். அதில் பெண்களுக்கென்றும் ஒரு போட்டி உண்டு. அந்த வண்டியோடு அதில் ஓட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை. இப்படி ஓர் எஞ்சின் இந்தப் பக்கம் இன்னொன்று எங்கே கிடைக்கும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய்தான் ஒருநாள் தகவல் கொண்டுவந்தார். "தங்கச்சி, சொன்னா என்னைய அடிப்பீய. ரேஸ்ல கவுந்த இதே மாதிரி வண்டியோட எஞ்சின் ஒண்ணு என் கடைக்கு வந்திருக்கு. நான் ஊர்ல இல்லாதப்ப மருமகன் வெவரம் தெரியாம வித்துட்டான். கான்சாபுரத்துத் தோப்புல தண்ணி எறைச்சுக்கிட்டு இருக்கு."

அக்கா கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "என்ன எறைச்சுக்கிட்டு?"

"தண்ணி, தங்கச்சி."

மறுநாள் அவர்கள் வீட்டு அம்பாசடரில், வழியில் பாயையும் ஏற்றிக்கொண்டு போனோம். என்னை அம்மா வீட்டில் இறக்கிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஊர் நெருங்கியதும் அக்கா, "நீயும் வா, செத்த நேரந்தான்," என்றார். பிள்ளைக்குப் பசிக்குமே, வெயிலாச்சே என்று எனக்குள் ஆயிரம் ஓடின. ஆனாலும் போனேன். வத்திராயிருப்பு தாண்டி மலை பக்கத்தில் வந்ததும் அக்கா வண்டியை ஓரம் கட்டி அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். தூரத்தில், தென்னைகளுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒன்று அலறியது. பம்புசெட் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. கூண்டில் அடைத்த எதுவோ ஒன்று.

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். "பாவம்," என்றார்.

தோப்புக்காரர் பெரிய புலம்பலோடு வரவேற்றார். "மண்ணெண்ணெ ஊத்துனா இருமுது. பெட்ரோல் ஊத்துனா பேயாட்டம் ஆடுது. மெதுவா ஓடுன்னா நின்னுருது. ரெண்டு பாத்தி பாயுறதுக்குள்ள கொதிச்சுருது. ஜெர்மன்காரன் எப்படிம்மா வெவசாயம் பண்ணுதான்?"

அதற்குப் பதிலாகத் தன் வீட்டில் சும்மா இருந்த டீசல் பம்புசெட்டைத் தருவதாக அக்கா சொன்னார். அவருக்கு நம்ப முடியவில்லை. உடனே கழற்றி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா எடுக்கவில்லை. எஞ்சின் ஆறும் வரை பாத்திவரப்பில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, துவாரத்தில் விரலை வைத்துக்கொண்டு, எஞ்சினைக் கையால் சுற்றும்படி பாயிடம் சொன்னார். உள்ளிருந்து வருகிற காற்று விரலைத் தள்ளுகிற பலத்தைப் பார்த்தார். எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றி, இரும்புப் பொடி மின்னுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் எம்புட்டு நேரம்மா?" என்றார் தோப்புக்காரர்.

"ஆகு."

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் நிமிர்ந்தார். முகத்தில் எண்ணெய். "உசுரு இருக்கு," என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் முதலில் கேட்டேன். அக்கா துணிச்சல்காரி என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் வேறொன்று தோன்றியது. துணிச்சல்காரி எதற்கு ஒரு பகல் முழுக்க விரலை வைத்துப் பார்க்க வேண்டும்?

அந்த எஞ்சினில் காற்று இழுக்கும் வாய்கள் நாலு. புனல் மாதிரி மேலே பார்த்துத் திறந்திருக்கும். சாதாரணக் கார் போல வடிகட்டிப் பெட்டி கிடையாது. பந்தயத்தில் காற்று தங்குதடையில்லாமல் போக வேண்டுமாம். அதனால் கொட்டகையில் இருக்கும்போதெல்லாம் அந்த நாலு வாய்க்கும் அக்கா நாலு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருப்பார். வீட்டில் விருந்தாளி வந்தால் காப்பிக்கு டம்ளர் பற்றாது. அண்ணாச்சி பக்கத்து வீடான எங்களிடம் கடன் கேட்பார். "எஞ்சின் காப்பி குடிக்குதும்மா," என்பார்.

மாதக்கணக்காக வேலை நடந்தது. நானும் பல தடவை உப்பில்லாத மாவு பிசைந்து கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே கொடுப்பேன். அக்காவும் வாங்கியதும் நாக்கில் வைத்துப் பார்ப்பார். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை.

முதல்முறை ஸ்டார்ட் பண்ண ஒரு வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்னால் என்று அண்ணாச்சி நாள் குறித்தார். பாய் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். என் அம்மா ஆண்டாள் கோயிலில் இருந்து துளசியும் மாலையும் வாங்கி அனுப்பியிருந்தார். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் என் பொறுப்பு. மங்கல காரியம் என்பதால் மஞ்சளும் நெய்யும் தடவி அட்சதையும் கலந்து வைத்தேன். தட்டோடு நின்ற என் மாமியாருக்கு அன்று ஒரே உற்சாகம்.

அக்கா டம்ளர்களை எடுத்துவிட்டு, டார்ச் அடித்து நாலு வாய்க்குள்ளும் பார்த்தார். எஞ்சின் மூடிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். சுற்றிப் போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். பானெட் திறந்தே இருந்தது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன் சக்கரத்துப் பக்கம் நின்றேன்.

"நேரம் போகுது, ஆரம்பி," என்றார் அண்ணாச்சி.

அப்போது என் மாமியார், கல்யாணத்தில் தாலி கட்டும்போது போடுவார்களே, அதே வேகத்தில், "நல்லா இருக்கட்டும்!" என்று ஒரு கை அட்சதையை வண்டி மேல் வீசினார். பார்த்துக்கொண்டிருந்த தெருப் பெண்களும் வீசினார்கள்.

மஞ்சளாக ஏதோ ஒன்று, அந்தத் திறந்த வாய்களில் ஒன்றை நோக்கிப் போனதைப் பார்த்தேன். பார்த்தேனா? பிள்ளை என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வெளியே விழுந்திருக்கலாம். எதுவுமே விழாமலும் இருந்திருக்கலாம். நான்தான் எல்லாவற்றையும் இப்படிப் பார்க்கிறவளாயிற்றே. இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் நல்ல காரியத்தைத் தடுத்தவள் என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். ஒரு அரிசி என்ன செய்துவிடும்? இந்த எஞ்சின் போனால் இன்னொன்று கிடையாதே. அக்காவின் கை சாவிக்குப் போயிற்று.

"அக்கா, ஆகு!"

என் குரல்தான். அந்த வார்த்தையை நான் அதுவரை சொன்னதே இல்லை.

அக்காவின் கை சாவியை விட்டு விலகிவிட்டது. இறங்கி வந்தார். "என்ன பாத்த?"

"அரிசி. உள்ள போனாப்ல இருந்துச்சு. போகாமலும் இருக்கலாம்."

"எந்த வாய்?"

"தெரியலக்கா."

"ஏட்டி, நல்ல நேரத்துல ஒன் சந்தேகத்தைக் கொண்டாந்து..." என்று என் மாமியார் ஆரம்பித்தார். என் கணவர் கொட்டகைக்கு வெளியே பார்த்தார். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு அரிசி தானே, எரிஞ்சு போயிராதா?" என்றார் தணிவாக.

"எரிஞ்சும் போகலாம். காத்து வழியை மூடுற தகட்டுல சொருகிக்கிட்டா, காலை எடுத்தாலும் வண்டி வேகத்தைக் குறைக்காது. பந்தயத்துல போய்த் திருப்பத்துல அது தெரியும்," என்ற அக்கா, பாயைப் பார்த்து, "கழட்டுவோம்," என்றார்.

கழற்றினார்கள். ஒவ்வொரு வாயாக, வெள்ளைத் துணியில் கவிழ்த்து, தட்டி, டார்ச் அடித்து. முதல் வாயில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. ராகு காலம் பிறந்தது. தெருப் பெண்கள் கிளம்பினார்கள். மூன்றாவதில் இல்லை. நாலாவதில் இல்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தபோது அழுதுவிடுவேன் போல இருந்தது.

"மாவு பிசைஞ்சு தாரியா? உள்ளயும் பாத்துருவோம்."

கம்பி முனையில் மாவை உருட்டி ஒட்டி, எஞ்சினுக்குள் போகும் நாலு துவாரத்திலும் விட்டுத் துழாவி எடுத்தார். நாலு முறையும் மாவு வெள்ளையாகவே வந்தது.

"இல்லக்கா," என்றேன். "நான்தான் தப்பாப் பாத்திருக்கேன்."

கையைத் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "முன்னாடி, இல்லன்னு நெனைச்சோம். இப்ப, இல்லன்னு தெரியும். ரெண்டும் ஒண்ணா?"

என் மாமியார் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் பூட்டி, ஒவ்வொரு நட்டுக்கும் திரும்ப வந்து, சுண்ணாம்புக் கோட்டைச் சரிபார்த்து முடிப்பதற்குள் ராகு காலம் அலுத்துப்போய்த் தானே கிளம்பிவிட்டிருந்தது. இந்த முறை யாரும் எதையும் வீசவில்லை. சாவி திரும்பியது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? கான்சாபுரத்துத் தோப்பில் கேட்ட அதே குரல்தான். ஆனால் அங்கே அது அலறல். இங்கே அது பேச ஆரம்பித்தது. தகரக் கூரை நடுங்கியது. காலடி மண் நடுங்கியது. என் மார்போடு ஒட்டியிருந்த பிள்ளையின் மார்பும் நடுங்கியது. அவள் அழப் போகிறாள் என்று காதைப் பொத்தப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, வாயைத் திறந்தபடி, அதையே பார்த்தாள். வெள்ளை நாய் எழுந்து நின்றது. பாய் இரண்டு கையையும் ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டார். என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, எண்ணெய் எங்காவது கசிகிறதா என்று வண்டிக்கடியில் படுத்துவிட்டார். அதன் பிறகு நாலு டம்ளரும் தத்தம் இடத்துக்குப் போயின.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் அந்த வண்டியில் என்னை ஒரு தடவை அழைத்துப்போனார். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். கிளம்பும் முன் என் பக்கத்துக் கதவை அவர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நான் மூன்றாவது தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு புளியமரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பச்சைச் சுவராகிவிட்டன. எட்ட இருந்த கோபுரம் எங்களை நோக்கி ஓடி வந்தது. நான் பயப்பட மறந்துபோன நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பந்தயத்தில் அக்கா ஜெயிக்கவில்லை. ஓடிய வண்டிகளில் பல நடுவிலேயே புகைந்து நின்றுவிட, அவருடையது கடைசி வரை ஓடி முடித்தது. திரும்பி வந்து சுவருக்கு மேலே தலையை நீட்டி, "முழுசா கொண்டாந்துட்டேன்," என்றார். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அதே எஞ்சினோடு போய்வந்தார். பிறகு என் கணவருக்கு மாற்றலாகி நாங்கள் ஊரை விட்டு வந்துவிட்டோம். இப்போது என் இரண்டாவது பிள்ளை தொட்டிலில் இருக்கிறான். மூத்தவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "அம்மா, கேஸைப் பாத்துட்டியா, ரெண்டாவது தடவயும் பாத்துட்டியா?" என்று கேலி செய்கிறாள். பார்த்துவிட்டேன் என்கிறேன். முன்போல வெட்கப்படுவதில்லை.

ஆனால் அக்கா என்றதும் எனக்கு நினைவில் வருவது பந்தயமோ கோபுரமோ இல்லை. முதல் பந்தயத்துக்கு வண்டியை லாரியில் ஏற்றிய காலை. டிரைவர் லாரியை உறுமவிட்டுக்கொண்டு அவசரப்பட்டார். கோயம்புத்தூர்க்காரர், டாக்டர், பாய் எல்லாரும் லாரி மேல் ஏறி, பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்திருந்தார்கள். அக்கா மட்டும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, வந்து ஒரு தடவ பாரு."

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"தெரிஞ்சவங்கல்லாம் பாத்தாச்சு. பயந்தவ பாக்கணும்."

பிள்ளையை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு, புடவையைச் சொருகிக்கொண்டு, லாரி மேல் ஏறினேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. என் மாமியாரும் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலு வாயும் சுத்தமாக இருந்தன. டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கக் காலை எடுத்தேன். எடுத்த கால் அந்தரத்திலேயே நின்றது.

"அக்கா," என்றேன் மெதுவாக. "மூணாவது வாயை மட்டும் இன்னொரு தடவ பாக்கட்டுமா?"

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா அவரிடம் லாரியை அணைக்கச் சொன்னார்.

"பாரு," என்றார். "லாரி நிக்கும்."